கடலூரில் வந்து முடிந்த போர்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷத்துக்குள்ள முடிச்சிடணும் என்று செயலாளர் அன்புக் கட்டளை போட்டிருக்கிறார். பந்தியில் இலையும் போட்டாச்சு. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை எங்கே நடந்தது? அமெரிக்காவில் இல்லை, நம்ம கடலூரில் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். அமெரிக்கருக்குத் துணை நின்ற பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஹைதர் அலியோடு சேர்ந்துகொண்டு ஆங்கிலேயரை எதிர்த்தார்கள். அங்கே பற்றிய தீ இங்கேயும் எரிந்தது.

1780-இல் ஹைதர் அலி மலை இறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் வந்தார். 1781 ஜூன் 18 அன்று ஆங்கிலத் தளபதி அயர் கூட், ஹைதரின் படை இருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். ஆமாம், நாம் கற்பூரம் காட்டிக் கும்பிடுகிற அந்த மதில்தான் அன்றைக்குக் கோட்டைச் சுவர். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டை மணல்மேடுகளில் பெரும் போர். கடலோரமாக நின்ற கப்பலும் குண்டு போட்டது. கூட் ஜெயித்தார். ஆனால் மறு வருஷமே பிரெஞ்சுப் படை அதே பரங்கிப்பேட்டையில் இறங்கிக் கடலூரைப் பிடித்துக்கொண்டது.

1783 ஜூன் 13 அன்று ஜெனரல் ஸ்டூவர்ட் கடலூருக்குத் தெற்கே பிரெஞ்சுக்காரரைத் தாக்கினார். ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் செத்தவரும் காயம்பட்டவருமாகச் சுமார் ஆயிரம் பேர். ஜூன் 20 அன்று கடலில் சுஃப்ரனின் 15 கப்பல்களும் ஹியூஸின் 18 கப்பல்களும் மோதின. ஜூன் 25 அன்று மறுபடியும் தரையில் சண்டை. மாதக் கடைசியில் ஒரு கப்பல் சேதி கொண்டு வந்தது: சமாதானம் ஆகிவிட்டது!

எப்போது ஆனது தெரியுமா? அந்த வருஷம் ஜனவரி 20-ஆம் தேதியே இங்கிலாந்தும் பிரான்ஸும் முதற்கட்ட உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டன. சேதி கடல் தாண்டி வர ஐந்து மாதம். முடிந்துபோன சண்டைக்காக இங்கே மனிதர்கள் செத்தார்கள். அவர்களில் நம் ஊர்ச் சிப்பாய்களும் உண்டு. தளபதிகளின் பேர் புத்தகத்தில் இருக்கிறது. சிப்பாய்களின் பேரைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது அபூர்வம்.

"வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனோட சண்டை போட்டான், நமக்கென்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மிதிபட்ட வயல் யாருடையது? கொள்ளைபோன நெல் யாருடையது? அதனால்தான் நினைக்க வேண்டும் என்கிறேன். ஒருவர் வெற்றிக்கு விழா எடுக்கச் சொல்லவில்லை. ஹைதரையும் கூட்டையும் எடைபோடச் சொல்லவில்லை. போரின் விலை என்ன என்பதை மண்ணைக் காட்டிச் சொல்லலாம்.

காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை. 1690-இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை நிலம் என்பது பேச்சு. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமம்' என்றே பேர். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, கோரமண்டல் கரையில் ஆங்கிலேயருக்கு இதுதான் தலைமையிடம். 1758-இல் லாலி பிடித்து இடித்தார். மிச்சம் சில சிதிலங்கள்தான். வெள்ளிக் கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வருகிற நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

என் யோசனை சின்னது. தேவனாம்பட்டினம், கடலூர் பழைய நகரம், பரங்கிப்பேட்டை, சிதம்பரம். ஒரே நாளில் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். பிச்சாவரம் படகுக்கு வருகிறவர்களுக்குப் பரங்கிப்பேட்டை பக்கம்தான். ஒவ்வொரு இடத்திலும் தெளிவான தமிழில் ஒரு பலகை: என்ன நடந்தது, ஏன் நடந்தது, யார் செத்தார்கள். கோயிலில் மட்டும் பலகை வேண்டாம். வழிபாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் வெளியே நின்று சொன்னால் போதும். சுற்றுலாத் துறையிடம் அனுமதியும் உதவியும் கேட்கலாம். கூட்டிக்கொண்டு போய்க் கதை சொல்ல மாணவர்கள் வேண்டும். உள்ளூர் டீக்கடைக்கும் ஆட்டோக்காரருக்கும் நாலு காசு கிடைக்கும், அதுவும் நல்லதுதானே.

மாணவ மணிகளே, அதற்கு முன் உங்களுக்கு ஒரு வேலை. குண்டு கிராமங்களில் மேடு, குட்டை, தோப்பு எல்லாவற்றுக்கும் பெரியவர்கள் ஒரு பேர் சொல்வார்கள், பேருக்குப் பின்னால் ஒரு கதை சொல்வார்கள். நோட்டுப் புத்தகத்தோடு போய் எழுதி வாருங்கள். செங்கல் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். பெரியவர்களின் நினைவு அவ்வளவு நாள் காத்திருக்காது. பழைய மாணவர்களாகிய நாங்கள் பஸ் செலவையும் அச்சுச் செலவையும் ஏற்றுக்கொள்வோம் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஜூலை 1 அன்று முதல் பயணம் கிளம்பட்டும்.