ஒரு தொகுதியின் ஜனங்கள் யார்?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, இப்போது இல்லாமற்போன ஒரு தேர்தல் தொகுதியைப் பற்றியதாகும். "இல்லாத தொகுதியைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். இல்லாததன் கதையில்தான் இருப்பதன் யோக்கியதை விளங்கும் என்பது நமது அபிப்பிராயம்.

கனடா தேசத்தின் மேற்குக் கோடியில் பிரிட்டிஷ் கொலம்பியா என்று ஒரு மாகாணம் உண்டு. அதன் சட்டசபைக்கு வான்கூவர் நகரத் தொகுதி 1890ம் வருஷம் முதல் அங்கத்தினர்களை அனுப்பி வந்தது. 1916ல் அந்த ஒரு தொகுதியே ஆறு பேரை அனுப்பிற்று. 1933ம் வருஷத் தேர்தலுக்குள் அதைப் பல தொகுதிகளாகப் பிரித்துவிட்டார்கள்.

இந்த நாற்பது வருஷ காலமும் "ஜனங்கள் தேர்ந்தெடுத்தார்கள்" என்கிறார்களே, அந்த ஜனங்கள் யார் என்றுதான் நாம் கேட்கிறோம். அந்த மண்ணின் பூர்வ குடிகளுக்கும் சீனர்களுக்கும் ஓட்டில்லை என்று 1870களிலேயே சட்டம் செய்தாய்விட்டது. 1895ல் ஜப்பானியரைத் தள்ளினார்கள். 1907ல், பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து போய் மரம் அறுத்துப் பிழைத்த நம் நாட்டாரையும் தள்ளினார்கள். அவர்களுக்குச் சட்டம் கொடுத்த பெயர் "இந்துக்கள்" என்பது. சீக்கியராயினும் முஸ்லிமாயினும் அங்கே தள்ளிவைப்பதற்கு எல்லோரும் "இந்து"தான்! 1914ல் கோமகட்ட மாரு கப்பலில் வந்த 376 பேரில் பெரும்பாலோரை இரண்டு மாத காலம் தடுத்து வைத்துத் திருப்பியனுப்பியதும் இந்த நகரத் துறைமுகத்திலிருந்துதான்.

ஓட்டு போனால் போகட்டும், வயிறு நிறைந்தால் போதாதா என்பீர்களா? அக்காலத்தில் மாகாண ஓட்டர் ஜாபிதாவில் பெயரில்லாதவன் வக்கீலாக முடியவில்லை. மருந்துக்கடைத் தொழில் செய்ய முடியவில்லை. ஆகவே ஓட்டைப் பிடுங்கியது பிழைப்பைப் பிடுங்கியதேயாகும்.

பெண்கள் கதையும் இதுவே. 1917ல்தான் அவர்களுக்கு ஓட்டு வந்தது. மறுவருஷமே, கணவர் ரால்ப் ஸ்மித் காலமானதால் காலியான இத்தொகுதி ஸ்தானத்துக்கு மேரி எல்லன் ஸ்மித் அம்மையார் நின்று ஜெயித்து, அம்மாகாணச் சட்டசபையின் முதல் பெண் அங்கத்தினரானார். அவ்வருஷமே பெண் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தது. 1921ல் அவர் மந்திரியானார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே முதல் பெண் மந்திரி அவர். ஆனால் கையில் இலாகா ஒன்றும் கொடுக்கவில்லை! அவ்வருஷமே ராஜிநாமாச் செய்துவிட்டார்.

சீனருக்கும் இந்தியருக்கும் 1947லும், ஜப்பானியருக்கும் பூர்வ குடிகளுக்கும் 1949லும் மாகாண ஓட்டு கிடைத்தது. அதற்குள் தொகுதியே போய்விட்டது.

தோழர்களே! ரயில் பாதை போடவும் வரி வாங்கவும் நிறம் குறுக்கே நிற்கவில்லை. ஓட்டு என்றவுடன் நின்றது. ஆகவே எந்தத் தொகுதியைப் பற்றிப் பேசினாலும், ஜெயித்தவர் யார் என்று கேட்குமுன் ஜாபிதாவில் விட்டுப்போனவர் யார் என்று கேளுங்கள்.