வைரமும் உயிரணுவும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைரம் என்றவுடன் மூக்குத்தியும் தோடும் நினைவிற்கு வருதல் இயல்பே. வைரத்தைப் பொடித்து உண்டு உயிர் நீத்தனர் என்னும் அரண்மனைக் கதைகளும் நம் செவிக்குப் பழகியவையே. அந்த வைரத்தின் நுண்தூளை விஞ்ஞானிகள் இன்று உயிரணுவினுள் செலுத்தி ஆராய்கின்றனர். அது நஞ்சோ, நன்மருந்தோ என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். ரயில்வே குமாஸ்தாவாகிய நான் படித்தறிந்த அளவில் எளிமையாகக் கூற விழைகின்றேன்.

இது சுரங்கத்து வைரம் அன்று. 1963ஆம் ஆண்டில் சோவியத் நாட்டு ஆராய்ச்சியாளர், மூடிய கலத்தினுள் வெடிமருந்தை வெடிக்கச் செய்தபோது எஞ்சிய கரியில் வைரத் துகள்களைக் கண்டனர். துகள் ஒன்றின் அளவு ஏறத்தாழ 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீட்டர். ஆகவே இதற்கு நானோ வைரம் என்று பெயர்.

தண்டவாளத்தில் துரு ஏறுவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அது ஆக்ஸிஜனின் வேலை. நம்மை வாழ்விக்கும் அதே ஆக்ஸிஜன், உயிரணுவினுள் இணை எலெக்ட்ரான் இல்லாத சில மூலக்கூறுகளையும் தோற்றுவிக்கின்றது. அவற்றை ஃப்ரீ ராடிக்கல் என்பர். அவை அளவோடு இருப்பின் உடலுக்குப் பணி செய்யும். மிகுந்தாலோ கொழுப்பையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் சிதைக்கும். இவ்வழிவைத் தடுக்கும் ஆற்றலே ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு.

நானோ வைரத்திற்கு இவ்வாற்றல் உண்டா? துகளின் உள்ளகம் எதனோடும் எளிதில் வினைபுரிவதில்லை. வினையெல்லாம் மேற்பரப்பில்தான். அங்கே பென்சில் கரியை ஒத்த மெல்லிய படலம் இருப்பின், அது ராடிக்கல்களைப் பற்றி அடக்கவல்லது. வெடிகலத்தின் இரும்பு அணுக்கள் ஒட்டியிருப்பினோ, அவை புதிய ராடிக்கல்களைப் பிறப்பிக்கும். அதனால்தான் தூளை அமிலத்தால் தூய்மை செய்கின்றனர்.

சோதனைகளும் இருவகையாகவே பேசுகின்றன. 2010ஆம் ஆண்டில் தைவான் நாட்டினர், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுக்களுக்கு ஒளிரும் நானோ வைரத்தை ஊட்டினர். புழுக்களின் ஆயுளோ இனப்பெருக்கமோ குன்றவில்லை. 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், சுண்டெலியின் கருமூல உயிரணுக்களில் இத்துகள்கள் டி.என்.ஏ.வுக்குச் சிறிது சேதம் விளைத்தன. மேற்பரப்பில் ஆக்ஸிஜன் ஏற்றிய துகள்களால் நேர்ந்த சேதமே அதிகம். எனினும் கார்பன் நானோக் குழாய்கள் விளைத்ததைவிட அது குறைவே.

வேறொரு பயனும் உண்டு. துகளினுள் நைட்ரஜன் அணுவொன்றும் அதனருகே வெற்றிடமொன்றும் அமைந்தால், பச்சை ஒளி பட்டவுடன் அது செந்நிறமாய் ஒளிரும். அருகில் ராடிக்கல்கள் இருப்பின் அவ்வொளியின் போக்கு மாறும். இதனைக் கொண்டு நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தினர், 2021இல் வெளியிட்ட ஆய்வில், தனியொரு மைட்டோகாண்ட்ரியாவின் அருகே ராடிக்கல்களை அளந்து காட்டினர். துருவைத் தடுக்கும் காவலாளாக ஆகுமுன்பே, துருவை அறிவிக்கும் ஒற்றனாக வைரம் பணிபுரியத் தொடங்கிவிட்டது!

அன்பர்களே! “இரும்புச் சாமான்” என்று மட்டும் எழுதிய சிப்பத்தைப் பார்சல் ஆபீஸில் எவரும் ஏற்பதில்லை. எடை என்ன, கட்டு எத்தகையது, எந்த ஊருக்கு என்று வினவிய பின்னரே ரசீது எழுதுவர். நாளை எவரேனும் “வைரத்தூள் கலந்தது, மூப்பைத் தடுப்பது” என்று ஒரு புட்டியை நம் வாயிலில் நீட்டினால், நாமும் அவ்வாறே வினவல் வேண்டும். துகளின் அளவென்ன? மேற்பரப்பு எத்தகையது? எவ்வளவு கலந்துள்ளது? எவ்வுயிரில் சோதித்தனர்? புழுவுக்குத் தீங்கில்லை என்பதனால் நம் குழந்தைக்கும் தீங்கில்லை என்று முடிவு கட்டலாகாது. நஞ்சென்று அஞ்சி ஒதுக்குவதும் அறிவன்று. அமுதமென்று நம்பி அருந்துவதும் அறிவன்று. விடை கிட்டும்வரை பொறுத்திருப்போம். விஞ்ஞானம் பயிலும் நம் பிள்ளைகள் அவ்விடையைத் தேடட்டும்.

 வாழ்க தமிழ்! வளர்க அறிவு!