தேயிலையும் வாக்குரிமையும்



1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய அமெரிக்கக் குடியேற்றத்தார், தம் பிரதிநிதி அமராத சபை தமக்கு வரி விதித்தல் தகாது என்றே வாதிட்டனர். அது சீனத் தேயிலை. நம் மலைகளிலோ அன்று தேயிலைச் செடியே இல்லை. சுதந்திரம் பெற்ற அந்நாடும் தன் அடிமைகளுக்கு வாக்குரிமை தந்திலது.

பூனாகலையில் கொழுந்து பறித்தோர் கதையும் அத்தகையதே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸார் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். பதுளையும் அவ்வேழு தொகுதிகளுள் ஒன்று. 1948 பெப்ருவரி 4இல் நாடு சுதந்திரம் அடைந்தது. அவ்வாண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. மறு ஆண்டில் வாக்கும் போயிற்று. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவர்தம் விருப்பத்தை முன்னர்க் கேட்டார் எவருமிலர். நாடற்று எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறிற்று.