சோம்பல் முறிப்போம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் யாருக்காவது கொட்டாவி வந்தால் அடக்க வேண்டாம். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

வகுப்பில் கையை நீட்டி உடம்பை முறித்தால், "பொம்பிளைப் பிள்ளைக்கு இது அழகா?" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தமிழ் அதற்கு வைத்த பெயர் சோம்பல் முறித்தல். சோம்பலைக் காட்டுவதல்ல, முறிப்பது. சித்த மருத்துவமும் அடக்கக்கூடாத 14 வேகங்களில் கொட்டாவியை ஒன்றாகச் சொல்கிறது.

நெடுநேரம் ஒரே நிலையில் படுத்தோ குனிந்தோ இருந்தால் தசைகள் விறைக்கும். சோம்பல் முறிக்கும்போது அவை இறுகி, நீண்டு, பின் தளர்கின்றன. மூட்டுகள் இளகும். கால்களில் தேங்கிய இரத்தம் இதயத்தை நோக்கி நகரும்.

பிராணவாயு குறைவதால்தான் கொட்டாவி என்று படித்தோம். 1987இல் அமெரிக்காவில் ரொபர்ட் புரொவைன் குழுவினர் சோதித்தபோது, தூய ஒட்சிசனைச் சுவாசித்தவர்களுக்கும் கொட்டாவி குறையவில்லை. ஆனால் ஒரு பயன் நமக்கே தெரியும். வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு பஸ் ஏறும்போது அடைத்த காது, ஒரு கொட்டாவியில் திறந்துவிடும். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் அப்போது விரிகிறது. கருவிலுள்ள சிசுவும் கொட்டாவி விடுவதை ஸ்கேனில் கண்டிருக்கிறார்கள். யாரும் கற்றுக்கொடுத்ததல்ல.

இதை அடக்கி அடக்கியே வாழ்ந்தவர்கள் நம் அம்மாமார். தலையில் கயிறு, முதுகில் கூடை, சரிவில் கால். முழுப்பேருக்குப் பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து. கிலோ குறையுமே என்ற பயத்தில் இடுப்பை நிமிர்த்தவும் நேரமில்லை. நிமிர்ந்தால் ஏச்சு வேறு. பிள்ளைகள் நாம் காமன்ட்ஸ் மெசினுக்கும் கம்பியூட்டருக்கும் போனோம்; குனிவு மட்டும் கூடவே வந்தது.

மலையில் கூடையை இறக்கியதும், மெசினிலிருந்து எழும்பியதும், இரண்டு கையையும் மேலே நீட்டி, மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். உடம்பு கேட்கும் அளவுக்கு நீட்டினால் போதும். கழுத்தை வெட்டித் திருப்பி நெட்டி முறிக்க வேண்டாம். நன்றாகத் தூங்கியும் பகல் முழுக்கக் கொட்டாவியும் களைப்புமாக இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள், இரத்தச்சோகையாகவும் இருக்கலாம்.

ஆசிரியைகளாக இருக்கும் தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஒரு பிள்ளை கையை நீட்டினால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். வகுப்பு முழுவதையும் எழுப்பி, ஒரு நிமிடம் சோம்பல் முறிக்கச் சொல்லுங்கள். நீங்களும் சேர்ந்து முறியுங்கள்.