ஒரு மன்னன், இரு வடிவங்கள்



கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த புதினம். மணிரத்தினம் அதனை 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு திரைப்படங்களாக்கினார். இரண்டிற்கும் இடையே பெரிதும் மாறிய கதைமாந்தர் யார்? நந்தினி என்பார் உளர். அவளினும் மாறியவன் மதுராந்தகனே!

முதலில் வரலாற்றை நோக்குவோம். ஆதித்த கரிகாலன் கொலையுண்டபின் ஆட்சி, அருண்மொழியிடம் செல்லவில்லை. செம்பியன் மாதேவியின் மகனாகிய உத்தமசோழனிடம் சென்றது. சிற்றப்பன் நாட்டை விரும்பியமையால் அருண்மொழி அதனை விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. மண்ணாசை கொண்டான் ஒருவனுக்கு மாவீரன் ஏன் விட்டுக்கொடுத்தான்? இதுவே முடிச்சு.

கல்கி அம்முடிச்சை அவிழ்க்க, வரலாற்று மன்னன் ஒருவனை இருவராக்கினார். அரண்மனையில் வளர்ந்து அரியணைக்கு ஏங்கும் மதுராந்தகன், வாய்பேசா மந்தாகினி ஈன்ற மகன். செம்பியன் மாதேவி ஈன்ற மகனோ, குடிலில் வளர்ந்து பூத்தொடுத்துச் சிவத்தொண்டு புரியும் சேந்தன் அமுதன். முடிசூட்டு நாளில் அருண்மொழி, தனக்கென வைத்த முடியை எடுத்து அமுதன் தலையிற் சூட்டுகின்றான். கேளாதவனைத் தேடி வருகின்றது அரசு!

திரைப்படமோ இருவரை மீண்டும் ஒருவனாக்கியது. அங்கே மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் மகனே. சூழ்ச்சியில் ஈடுபட்ட அவன் தலையிலேயே அருண்மொழி முடி சூட்டுகின்றான். சேந்தன் அமுதன் பூத்தொடுப்பவனாகவே நின்றுவிடுகின்றான்.

எது சிறந்தது? இங்கே தமிழர் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. புதினத்தில் பேராசைக்காரன் சோழக் குருதியினன் அல்லன். நல்லோனோ அரச மகன். குணம் குருதிவழி வருவது என்னும் கருத்து, கல்கி விரும்பியோ விரும்பாமலோ, அங்கே நுழைந்துவிடுகின்றது. பிறப்பால் எல்லாரும் ஒப்பர் என்ற வள்ளுவர் வழியினர்க்கு இஃது உடன்பாடாகுமா? செம்பியன் மாதேவி போலும் சான்றோள் பெற்ற மகனும் பிழைபடலாம் என்று காட்டிய வகையில், திரைப்படம் வரலாற்றிற்கும் அறத்திற்கும் நெருங்கி நிற்கின்றது. அருண்மொழியின் ஈகமும் அங்கே உயர்கின்றது. தகுதியுடையோனுக்குக் கொடுத்தல் எளிது, போட்டியிட்டவனுக்குக் கொடுத்தலே அரிது.

ஆயினும் இழப்பும் உண்டு. ஏழைத்தாய் ஒருத்தியின் வளர்ப்பில், பூக்கூடை சுமந்த கைகள் செங்கோல் ஏந்தும் அழகு திரையில் இல்லை. மதுராந்தகன் மனமாற்றமும் படிப்படியாக விளையாமல் விரைந்து முடிகின்றது. பல நூறு பக்கங்களில் கல்கி அமுதனைப் பழக்கியதுபோல் நம்மை அவனோடு பழக்கத் திரைக்குப் பொழுதில்லை.

ஆதலின், இளைஞர்களே! படம் பார்த்தோர் புதினத்தைப் படியுங்கள்; புதினம் படித்தோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுங்கள். கதை இரண்டாகலாம், வரலாறு ஒன்றே. அதனைக் கதைகளிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கும் இனம் தன்னை அறியாது.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!