கொப்புளத்தைக் குத்தாதீங்க
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

சேமிப்பு, கடன் பற்றி எல்லாரும் நல்லா பேசிட்டாங்க. நான் என் விரலைப் பற்றிச் சொல்ல வந்திருக்கேன்.

எங்க குழு முறுக்கு, அதிரசம் போட்டு விற்கிற குழு. இரண்டு வருஷத்துக்கு முன்னால என் வலது கை ஆள்காட்டி விரல்ல ஒரு மரு வந்தது. சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைச்சு வச்சேன். தோல் வெந்ததுதான் மிச்சம். ஒரு மரு மூணாச்சு. மரு வைரஸ் கிருமியால வர்றது, தொட்டால் பரவும்னு பிறகுதான் தெரிஞ்சுது.

ஆஸ்பத்திரியில தோல் டாக்டர் பார்த்துட்டு, பெரிய மருவை முதல்ல உறைய வச்சு எடுத்துடலாம்னார். திரவ நைட்ரஜன்னு ஒண்ணு. பூஜ்ஜியத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர்ச்சி. புகை மாதிரி வர்ற அதை மரு மேல சில விநாடி பீய்ச்சினாங்க. சுருக்குன்னு எரிஞ்சுது, அவ்வளவுதான். நர்சம்மா ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல நான் காதுல வாங்கலை. தப்பு அங்கதான்.

மறுநாள் காலையில மொச்சைக்கொட்டை அளவுக்குக் கொப்புளம். உள்ளே ரத்தம் கட்டின மாதிரி. பயந்துட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "தீக்காயம் மாதிரிதான்டி, நீரை எடுத்துடு"ன்னாங்க. ஊக்கால குத்தி, தோலை உரிச்சு, காப்பித்தூளை அப்பினேன். மூணாம் நாள் விரல் வீங்கிச் சீழ் வச்சுது, காய்ச்சலும் வந்தது. 12 நாள் மாவுல கை வைக்க முடியலை. தீபாவளி ஆர்டர் போச்சு. அந்த மாசத் தவணையை நாத்தனார்கிட்ட கைமாத்து வாங்கிக் கட்டினேன்.

டாக்டர் பொறுமையா விளக்கினார்: "கொப்புளம் வர்றது இதுல சகஜம்மா. அந்த மேல்தோல்தான் புண்ணுக்கு இயற்கையான கட்டு. அதை ஏன் அவிழ்த்தீங்க?"

மிச்சம் இருந்த இரண்டு மருவையும் அப்புறம் எடுத்தப்போ, சொன்னபடி நடந்தேன். தினமும் சாதாரண சோப்பும் தண்ணியும் விட்டு மெதுவா கழுவி, தேய்க்காம ஒத்தித் துடைச்சேன். கொஞ்சம் வாசலின் தடவி, உரசாம இருக்கப் பிளாஸ்டர் போட்டேன். வலிச்சப்போ டாக்டர் சொன்ன பாரசிட்டமால் போட்டேன். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் கிட்டவே போகலை. ஆறுற வரைக்கும் மாவு பிசையுற வேலையைத் தங்கச்சிங்க பார்த்துக்கிட்டாங்க. நான் பாக்கெட் கணக்கு எழுதினேன். கொப்புளம் தானா வற்றிப் பொருக்கு கட்டி, 16ஆம் நாள் தானா உதிர்ந்தது. காலில் வச்சால் இன்னும் நாளாகுமாம்.

கொப்புளம் ரொம்பப் பெரிசாகி வலிச்சாலும், சிவப்பு பரவினாலும், சீழோ காய்ச்சலோ வந்தாலும் உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க. சர்க்கரை உள்ளவங்க வைத்தியத்துக்கு முன்னாலயே அதைச் சொல்லிடணும். அவங்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும்.

கடைசியா ஒண்ணு. அதைச் சொல்லத்தான் முக்கியமா வந்தேன். புண் ஆறின இடம் வெளுத்துப் போச்சு. ஒரு கூட்டத்துல நான் நீட்டின டீயை ஒரு சகோதரி வாங்கலை. "கையில என்னமோ வெள்ளையா இருக்கு"ன்னு பின்னால பேச்சு. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை. சீழ் வச்ச வலியை விட அது பெரிய வலி.

குளிர் பட்டதுல தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் அடிபடும். நம்ம மாதிரி மாநிறத் தோல்ல அது பளிச்சுன்னு தெரியும். பல பேருக்கு மாசக்கணக்குல நிறம் திரும்பும், சிலருக்கு அப்படியே நிற்கும். அது ஒட்டுற நோய் இல்லை. இதோ, என் விரல்ல பாதி நிறம் வந்தாச்சு, பாருங்க.

சகோதரிகளே, யார் தோல்லயாவது வெள்ளையாப் பார்த்தால், விலகிப் போகாம "என்னம்மா ஆச்சு?"ன்னு கேளுங்க. அந்த ஒரு கேள்வி போதும்.