குடிபெயர்வோரும் கம்பித் தொடர்பும்

பேகம்பேட்டின் பெரிய குடித்தனக்காரர் இருவர் அண்மைக் காலத்தில் வீடு மாறிச் சென்றிருக்கின்றனர். 2008ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பயணிகள் விமானப் போக்குவரத்து ஷம்ஷாபாத்துக்குப் பெயர்ந்தது. 2023 மார்ச்சில் அமெரிக்கத் துணைத் தூதரகம் பைகா அரண்மனையைக் காலி செய்துவிட்டு, நானக்ராம்குடாவில் கட்டப்பட்ட புதிய மனைக்குப் போயிற்று. அவர்களுக்கு மூட்டை கட்ட ஆளும் உண்டு, கணக்குத் தீர்க்க அலுவலரும் உண்டு. ரசூல்புராவிலோ பிரகாஷ் நகரிலோ இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் வாழ்ந்து, பணி மாற்றலால் கோயம்புத்தூருக்கோ புனேக்கோ புறப்படும் நம்மவருக்கு அந்த வசதி ஏது? எரிவாயு இணைப்பை ஒப்படைப்பார். பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்குவார். முன்பணத்துக்காக வீட்டுக்காரரிடம் நயந்து பேசுவார். சுவரோரத்தில் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருக்கும் இணையப் பெட்டி மட்டும் கடைசி நாள்வரை அவர் நினைவுக்கு வருவதில்லை.

வானொலிப் பெட்டிக்கே அஞ்சல் நிலையத்தில் உரிமம் பெறவேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. தொலைபேசி வேண்டுமென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும் நம்மிடையே உள்ளனர். இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. இணைப்பு ஒரே நாளில் வந்துவிடுகிறது. அதை விட்டு வெளியேறுவதற்குத்தான் நாட்கள் பிடிக்கின்றன. சேர்வதற்குச் செயலியில் ஒரு பொத்தான் இருக்கும். விலகுவதற்கோ தொலைபேசியில் அழைத்து, ஒருவர் மாற்றி ஒருவரிடம் காரணம் சொல்லவேண்டும். மூன்றாம் ஆள் பாதிக் கட்டணத்துக்குத் தருவதாக ஆசை காட்டுவார். ஊரை விட்டே போகிறவருக்குப் பாதிக் கட்டணம் எதற்கு?

முதலில் அறியவேண்டியது, இணைப்பு யார் பெயரில் உள்ளது என்பதே. நான்கு இளைஞர் சேர்ந்து வாழும் வீடுகளில், மூன்றாண்டுகளுக்கு முன் அங்கிருந்து போய்விட்ட ஒருவரின் பெயரிலும் அடையாளச் சான்றிலுமே இணைப்பு இருந்துவருவதைக் காணலாம். இதை அற்பமென்று தள்ளலாகாது. அந்தக் கம்பி வழியே எவரேனும் ஏமாற்று வேலை செய்தால், விசாரணை முதலில் தேடிச்செல்வது கணக்கில் பெயருள்ளவரைத்தான். பணம் போனால் போகட்டும் என்று இருப்பவரும் இதற்காகவேனும் இணைப்பைத் தம் பெயரிலிருந்து நீக்கிக்கொள்வது நலம்.

அடுத்து, அது எவ்வகை இணைப்பு என்று பார்க்கவேண்டும். முன்பணம் கட்டிப் பெறும் மாதத் திட்டமாயின், பணம் கட்டாது விட்டால் சேவை நின்றுவிடும். ஆனால் பெட்டி உங்கள் கணக்கிலேயே நிற்கும். பின்கட்டண இணைப்பில் பணம் கட்டாமை விலகலாகாது, நிலுவையாகவே வளரும். சிலர் வங்கியின் தானியங்கிக் கழிவை நிறுத்திவிட்டு, எல்லாம் முடிந்ததென்று எண்ணிக்கொள்கின்றனர். அட்டைகளின் வழியே மீண்டும் மீண்டும் கழிக்கப்படும் தொகைக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்புத் தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது நல்ல காவல்தான். எனினும் அது உங்கள் பணத்தைக் காக்குமேயன்றி, ஒப்பந்தத்தை முடித்துத் தராது.

ஆகவே விலகல் வேண்டுகோளை எழுத்தில் கொடுக்கவேண்டும். மின்னஞ்சலே போதும். எந்தத் தேதியோடு சேவை முடியவேண்டும், எஞ்சிய தொகை எந்த வங்கிக் கணக்குக்கு வரவேண்டும் என்ற இரண்டையும் அதில் தெளிவாகக் குறித்துவிடுங்கள். தொலைபேசியில் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திருப்பித் தருவதில்தான் பெரும்பாலான வழக்குகள் பிறக்கின்றன. ஒரு குடும்பம் இம்மாதம் 28ஆம் தேதி லாரி ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று காலை ஓர் ஊழியர் வந்து, ரூட்டரையும் அதன் மின்கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு, "பதிவு செய்துவிடுகிறேன், சார்" என்று சொல்லிப் போகிறார். இரண்டு மாதம் கழிந்தபின், பெட்டியின் விலையைக் கட்டும்படி வசூல் முகவரிடமிருந்து கோவைக்கு அழைப்பு வருகிறது. ஊழியரின் பெயரும் தெரியாது; கையில் ரசீதும் கிடையாது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைப் படமெடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் அந்த அழைப்புக்கு ஒரு நிமிடத்தில் விடை சொல்லிவிடலாம். வீட்டுச் சாவியை ஒப்படைக்கும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே இதை முடித்துவிடவேண்டும். கடைசி நாளில் யாருக்கும் ரசீது கேட்கும் பொறுமை இராது.

குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் என்றொரு கண்ணி சில திட்டங்களில் உண்டு. ஓராண்டு இருப்பேன் என்று சொல்லிச் சலுகை பெற்றவரிடம், அச்சலுகையைத் திருப்பிக் கேட்பது ஒருவகையில் நியாயமே. எஞ்சிய மாதங்கள் அனைத்துக்கும் முழுச் சந்தா கேட்பது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. அதிலும், புது வீட்டுக்கு எங்கள் கம்பி வராது என்று நிறுவனமே கைவிரித்தபின் அபராதம் கேட்பது வேடிக்கை. நட்டத்துக்கு ஒவ்வாத அபராதத்தை விதிக்கும் ஒப்பந்தத்தை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற ஒப்பந்தமென வகைப்படுத்தி, அதனை மாநில ஆணையத்தின் முன் எதிர்க்க வழி செய்திருக்கிறது.

பிணைத்தொகை திரும்புவதற்குக் கெடு உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், முன்னர் வகுத்த விதிகளில் அது 60 நாளாக இருந்தது. 2024ஆம் ஆண்டின் தரவிதிகள் அதை 45 நாளாகச் சுருக்கின. பணம் வராவிடில் முதலில் நிறுவனத்தின் புகார் மையம், பிறகு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி என்பது 2012ஆம் ஆண்டு விதிகள் காட்டும் வழி. மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை; 39 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். தனியொருவரின் புகாரை டிராய் தானே விசாரிப்பதில்லை. அங்கே நேரே எழுதிவிட்டுக் காத்திருப்பது வீண்.

அதற்குமேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசிப் பூசல்களுக்கு 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் தனி வழி இருப்பதால் நுகர்வோர் மன்றம் தலையிடலாகாது என்று உச்சநீதிமன்றம் 2009இல் கூறியிருந்தது. பல ஆண்டுகள் அந்தத் தீர்ப்பையே நிறுவனங்கள் கேடயமாகப் பிடித்துவந்தன. 2022 பிப்ரவரி 16 அன்று அதே நீதிமன்றம், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மீதும் நுகர்வோர் முறையிடலாம் என்று தெளிவுபடுத்தியது. வெளிமாநிலத் தமிழர்க்கு இதைவிடப் பயன்தரும் செய்தி ஒன்றுண்டு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி, தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். பேகம்பேட்டில் வாங்கிய இணைப்புக்காகக் கோவையிலிருந்து ஐதராபாத்துக்கு ரயில் ஏறவேண்டுவதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை. வழக்கு வரை போக விரும்பாதவர், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை முதலில் அழைத்துப் பார்க்கலாம்.

இனித் தொலைக்காட்சி. வீட்டில் தெலுங்கு அறியாத முதிய தாயார் இருந்தால், இணையத்தைவிட இதுவே அவசரம். கேபிள் பெட்டி அந்தந்த ஊர் வலையமைப்புக்கு மட்டும் உரியது. ஐதராபாத்தில் வாங்கியதைத் தமிழ்நாட்டுக்குச் சுமந்து சென்று பயனில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டிஷ் இணைப்பு அப்படியன்று. அது செயற்கைக்கோளிலிருந்து வருவதாகையால் நாட்டில் எங்கும் உடன் வரும். முகவரியை மாற்றி, ஆளை அழைத்துக் குடையைப் புதுக் கூரையில் நிறுத்தினால் போதும். ஆனால் நிறுவனம் மாறினால் பொதுவாகப் பெட்டியும் மாறவேண்டும். எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்துக்கும் ஒத்துப்போக வேண்டுமென்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தும் அது கைகூடவில்லை. மாதச் சந்தா வேண்டாதவருக்குத் தூர்தர்ஷனின் இலவச டிஷ் உண்டு. பொதிகை என்ற பெயரில் நாம் அறிந்திருந்து, 2024 ஜனவரியில் டிடி தமிழ் எனப் பெயர் மாறிய அலைவரிசை அதில் கிடைக்கும்.

புது வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர், காற்று, பக்கத்துக் கடை இவற்றோடு, மொட்டைமாடியில் நின்று தெற்கையும் தென்கிழக்கையும் ஒருமுறை நோக்கிவிடுங்கள். நம் நாட்டு டிஷ் நிறுவனங்கள் பயன்படுத்தும் செயற்கைக்கோள்கள் ஐதராபாத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வானத்தில்தான் நிற்கின்றன. அத்திசையில் அடுக்குமாடி எழுந்து மறைத்திருந்தால் குடைக்கு வேறிடம் தேடவேண்டும். மாடியில் குடை நிறுத்த வீட்டுக்காரர் இசைவாரா என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.